தாசையா மனந்திரும்பக் கூடாதென்ற தீர்மானம்

மூணு வருஷமா பொட்டு மழை காணாத ஏனோக்குபுரத்துல, பங்குனி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மேகம்னு சொல்ல வானத்துல ஒண்ணுமே இல்லாத நேரத்துல, கொத்தனார் தாசையா வீட்டு மேல மட்டும் மழை பெய்ய ஆரம்பிச்சுது. எட்டு சென்ட் இடம் அது. மேக்க முள்வேலி, கிழக்க வண்டிப்பாதை, அதைத் தாண்டி ஒரு சொட்டு விழலை. வேலியோரம் நின்ன முருங்கையில பாதிக் கொப்பு நனைஞ்சும் பாதிக் கொப்பு காய்ஞ்சும் நின்னுது, பக்கத்து வீட்டுக் கொடியில கெடந்த சேலை மொடமொடன்னு ஒணந்துகிட்டே இருந்துது, வேலிக்கு அடியில பாதி உடம்பு நீட்டிப் படுத்திருந்த நாய் ஒண்ணு முதுகு நனையுதா இல்லையான்னு விளங்காம திரும்பித் திரும்பிப் பார்த்துது.

நான் ஜெயசிங். மிஷன் பள்ளிக்கூடத்துல முப்பத்தாறு வருஷம் வாத்தியார், இப்போ சபைக் கமிட்டிக்குச் செயலாளர். இதையெல்லாம் வெளியில சொல்ல வேண்டாம்னு ரெண்டு மூணு பேர் என்கிட்ட வந்து சொன்னாங்க. அவங்க கெடக்காங்க. தீர்மானத்தை என் கையெழுத்துல எழுதினவன் நான், அவங்க இல்லை.

ஆச்சரியமெல்லாம் அரை நாள்தான். எங்க ஊர் தேரிக்காட்டு ஓரத்துல இருக்கு, கண்ணுக்கு எட்டின மட்டும் செம்மணல், கிணத்துத் தண்ணியெல்லாம் உப்புக் கரிச்சு மாடுகூட மோந்து பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிடும், பொம்பளைங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு மூணு மைல் நடந்தாங்க. அப்படிப்பட்ட ஊருக்கு வாயைப் பொளந்துகிட்டு நிக்க நேரம் ஏது? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலியோரம் நாலு குடம், புதன்கிழமை நாப்பது, வியாழக்கிழமை வரிசை கோயில் வாசலுக்கு வந்து திரும்பி நின்னுது, வெள்ளிக்கிழமை நான் பழைய பரீட்சைத் தாளைக் கிழிச்சு நம்பர் எழுதிக் கொடுத்தேன். டீக்கடைக்காரர் அடுப்பைத் தூக்கிக்கிட்டு வண்டிப்பாதைக்கே வந்துட்டார். மேலக்காட்டு ஜனங்க வந்து வேலியில மஞ்சத்துணி கட்டித் தேங்காய் உடைச்சாங்க, ஐயர் முகம் சுளிச்சார், ஆனா அவங்க குடத்தைத் தடுக்கலை. ஐயர்னா எங்க பக்கத்துல சபைக் குரு. தாலுகாவுல இருந்து ஒரு இஞ்சினியர் வந்து, அண்ணாந்து பார்த்து, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தடவையும் இந்தப் பக்கம் ஒரு தடவையும் நின்னு பார்த்து, 'குழாய்க் கசிவு'ன்னு எழுதிக்கிட்டுப் போனார். அந்தத் தெருவுல குழாயே கெடையாது.

மழை எப்படி வந்துதுன்னு யாரும் கேக்கலை. ஏன் அவனுக்குன்னுதான் கேட்டாங்க. கேக்கத்தானே செய்வாங்க? நாப்பது நாள் உபவாசம் இருந்து, விடியக்காலம் நாலு மணிக்கு முழங்கால் போட்டு, முழங்கால்ல காப்புக் காய்ச்ச சற்குணத்தம்மா வீட்டு ஓட்டுல ஒரு துளி இல்லை. தாசையாவோ கிறிஸ்மஸுக்குக் கோயிலுக்கு வருவான், கல்யாணத்துக்குச் சாப்பிட வருவான், குடிப்பான், கூடப்பிறந்தவனைக் கொத்துக் கரண்டியால மண்டையில அடிச்சவன், பெஞ்சாதி செத்த பிறகு வீட்டுக்குள்ள ஒரு ஜெபச் சத்தம் கேட்டதில்லை. சற்குணத்தம்மா குடத்தை இடுப்புல வச்சுகிட்டு, "கர்த்தருக்கு வீட்டு நம்பர் மாறிப்போச்சோ என்னமோ, தெருவைச் சரியாத்தான் பிடிச்சிருக்காரு"ன்னு சொல்லுவா. வரிசையே சிரிக்கும். சிரிச்சுகிட்டே அவன் வீட்டுத் தண்ணியை மோந்துகிட்டுப் போவோம்.

சிரிக்காதவன் தாசையா ஒருத்தன்தான். முதல் நாள் திண்டாடிப் போய் முத்தத்துல நின்னான், ரெண்டாம் நாள் கூரை மேல தார்ப்பாயைக் கட்டினான், மூணாம் நாள் பஸ் ஸ்டாப்புல போய்ப் படுத்தான், அங்க அவன் மேல மழை போகலை, ஆளில்லாத வீட்டு மேல விடாம பெய்ஞ்சுகிட்டு இருந்துது, அதைப் பார்க்கப் பொறுக்காம திரும்பி வந்தான். ஊதக்காத்தோ இடியோ இல்லாம, பிள்ளை தூங்குத வீட்டுல நடக்குத மாதிரி பதனமாப் பெய்யுத மழை அது. ஆறாம் நாள், ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு ஐயரும் நானும் சின்ன அறையில பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுகிட்டு இருந்தப்போ, தலையில இருந்து தண்ணி சொட்டச் சொட்ட வந்து நின்னான்.

"ஐயரே, அடிச்சா வாங்கிக்கிடுவேன். இது அடிக்க மாட்டேங்கு. ஆறு நாளா என்னையத் தொட்டுகிட்டே இருக்கு. என்னால முடியல."

"என்ன முடியலை தாசையா?"

"அசனப் பந்தல் எரிஞ்சுதுல்லா? அது என் பீடி."

அதை இங்க சொல்லியாகணும். பதினோரு வருஷத்துக்கு முந்தி எங்க அசனப் பண்டிகையில, ஊரே ஒரு பந்தியில உக்காந்து கறிசோறு திங்கிற நாள்ல, ஓலைப்பந்தல் தீப்பிடிச்சுது. ரெண்டு பிள்ளைங்க உள்ள மாட்டிச் செத்துப் போச்சு. சமையல் தீக்குப் பொறுப்பு கோயில்குட்டி அருமைநாயகம். கோயில்குட்டின்னா மணி அடிக்கிறவர், கோயிலைக் கூட்டுறவர், கோயில் சாவி வச்சிருக்கிறவர். அடுப்பை விட்டுட்டுப் போயிட்டார்னு சாட்சி வந்துது. சாட்சி நான்தான். அவர் போனதை என் கண்ணால பார்த்தேன், பொய் சொல்லலை. கமிட்டி அவரை ஒழுங்கு நடவடிக்கையில வச்சுது. அதாவது அப்பமும் ரசமும் வாங்குத ராப்போஜனம் கெடையாது, கடைசி பெஞ்சு, செத்தா மணியும் இல்லை, கல்லறைத் தோட்டத்துல இடமும் இல்லை. சபை முன்னால எழுந்து நின்னு மனந்திரும்பினேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அன்னைக்கே சேர்த்துக்கிடுவோம்னு சொன்னோம். அந்த மனுஷன், "செய்யாததுக்கு எப்படிவே மனந்திரும்ப?"ன்னு கேட்டார். ரெண்டு வருஷம் அதையே கேட்டுட்டுச் செத்தார். தோட்டத்துச் சுவருக்கு வெளியே, தேரி மணல்ல, பொழுது சாயுமுன்ன குழி தோண்டி வச்சோம். அந்தச் சுவரைக் கட்டின கொத்தனார் தாசையா.

"சபை முன்னால சொல்லணும்"னு நின்னான் தாசையா. "அண்ணனை உள்ள கொண்டு வரணும். மயினிகிட்ட சொல்லணும்."

அண்ணன்னு அவன் சொன்னது அருமைநாயகத்தை, மயினின்னு சொன்னது அவர் பெஞ்சாதி லீதியாளை.

ஐயர் நல்ல மனுஷன், ஆனா பயந்த மனுஷன். கமிட்டியைக் கூட்டினார். பதினோரு பேர் உக்காந்தோம். தாசையா சொன்னதை ஐயர் சொன்னார், வெளியே குடம் மோதுற சத்தம் கேட்டுகிட்டே இருந்துது. அப்புறம் மில்லுக்காரர் பொன்னுச்சாமி நாடார் தொண்டையைச் செருமிக்கிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"மழை அவன் மேல எப்போ பெய்ஞ்சுது? பாவியா இருக்கும்போது. நாளைக்கு அவன் மனந்திரும்பி நம்மளை மாதிரி ஆயிட்டாம்னா? நம்ம மேல எங்க பெய்யுது?"

ஐயருக்கு அன்னைக்கு எங்க இருந்தோ தைரியம் வந்துது. "அது அவன் செஞ்சதுக்காகவும் வரலை, செய்யாததுக்காகவும் வரலை நாடாரே. சும்மா வந்துது. சும்மா வந்தது அவனை எங்கேயோ கூப்பிடுது, அவன் எழுந்து போறேங்கான். நாம காலைப் பிடிச்சு இழுக்கவா?"

"சும்மா வந்தது சும்மா போயிரும்லா? அப்போ மூணு மைல் உம்ம பெஞ்சாதியா நடப்பா?"

ஐயர் உக்காந்துட்டார். நான் என்ன செஞ்சேன்? ஐயருக்கு ஒத்தாசையா ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசலை. தாசையா வாயைத் திறந்தா அருமைநாயகம் கேஸும் திறக்கும், சாட்சி சொன்னவனைக் கூப்பிடுவாங்க, அடுப்பை விட்டு அவர் ஏன் போனார்னு கேப்பாங்க. எனக்கும் தண்ணி வேணும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். பேனாவைத் திறந்து அழகா எழுதினேன்: 'கொத்தனார் தாசையா என்பவர், மழை பெய்யும் காலமட்டும், சபையின் முன்பாகப் பாவ அறிக்கை செய்யவோ மனந்திரும்பவோ கூடாதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' ஐயர் கை தூக்கலை. மறுத்தும் பேசலை. அதனால ஏகமனதுன்னு போட்டேன்.

உலகத்துல வேற எந்தச் சபையும் ஒருத்தனைப் பாவத்துலயே பத்திரமா வச்சுக்கிட இவ்வளவு பாடுபட்டிருக்காது. காலையில ஒரு வீடு இட்லி கொடுத்துவிடும், மத்தியானம் ஒரு வீடு மீன்குழம்பு. மதுவிலக்குச் சங்கத் தலைவரே ஒரு பாட்டிலைத் துண்டுல சுத்திக் கொண்டுபோய் வாசல்ல வச்சுட்டு, யாரும் பார்க்கலையேன்னு திரும்பிப் பார்த்துகிட்டு வந்தார். "ஏ தாசையா, நீ இப்படியே இருடே, மனசைப் போட்டு அலட்டிக்காதே, கர்த்தர் உன்னைய இப்படித்தானே ஏத்துக்கிட்டாரு"ன்னு பெரியவங்க புத்தி சொன்னாங்க. பீடிக்கட்டு குவிஞ்சுது. அவன் ஒண்ணையும் தொடலை. தொடாட்டா எங்களுக்குப் பயம் வந்துரும், ஓடிப்போய் வானத்தைப் பார்ப்போம். பெய்ஞ்சுகிட்டுதான் இருக்கும்.

லீதியாள் தினமும் வரிசையில கடைசியில வருவா. கடைசி பெஞ்சுல உக்காந்து பழகினவ, வரிசையிலயும் அங்கதான் நிப்பா. அவ முறை வரும்போது தாசையா எழுந்து உள்ள போயிருவான். ஒரு நாள் அவ குடத்தை வச்சுட்டுக் கேட்டா:

"ஏன் தாசையா, என்னையக் கண்டா மட்டும் ஓடுத? உனக்குப் பெய்யுதுன்னு எனக்கு ஒண்ணும் எரிச்சல் இல்லப்பா. எங்கேயாவது பெய்ஞ்சா சரி."

அவன் கதவைப் பிடிச்சுகிட்டு நின்னான். வேலிக்கு இந்தப் பக்கம் நானும் பொன்னுச்சாமி நாடாரும் நின்னோம், அதுக்காகவே முறை போட்டு நின்னோம். அவன் எங்களைப் பார்த்தான், வரிசையில நின்ன பிள்ளைங்களைப் பார்த்தான், காய்ஞ்சு வெடிச்ச அதுங்க உதட்டைப் பார்த்தான். பேசாம இருந்துட்டான். அவன் கெட்டவனா இருந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பான்.

இருபத்தாறு நாள் பொறுத்தான். அடுத்த ராப்போஜன ஞாயிறு, ஐயர் பிரசங்கம் முடிச்சு இறங்குற நேரம், நடுப்பாதையில ஈரக்கால் தடம் பதிய நடந்து வந்து பலிபீடத்துக்கு முன்னால திரும்பி நின்னான். முகம் ஒட்டிப்போய் இருந்துது. "சபையாரே"ன்னான். நான் ஆர்மோனியக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் கட்டையில கையை வச்சார், எடுத்த எடுப்புல மேல் ஸ்தாயியில ஒரு ஸ்தோத்திரக் கீர்த்தனை, முந்நூறு பேரும் எழுந்து நின்னு பாடினோம். அப்படி ஒரு பாட்டு எங்க கோயில்ல அதுக்கு முன்னாலயும் கேட்டதில்லை, பின்னாலயும் கேட்டதில்லை, கண்ணாடி ஜன்னல் அதிர்ந்துது. அவன் வாய் அசைஞ்சுகிட்டே இருந்துது. ரெண்டு கையையும் நீட்டி என்னமோ சொன்னான், நெஞ்சுல அடிச்சுகிட்டான், ஒரு எழுத்து எங்க காதுல விழலை. ஒரு மனுஷன் முழுக்க முழுக்க மனந்திரும்பி முடிச்சான், நாங்க அஞ்சு சரணம் பாடி முடிச்சோம்.

அப்புறம் அவன் நடந்தான். எங்களைத் தாண்டி, கடைசி பெஞ்சுக்கு. குனிஞ்சு லீதியாள் காதுல சொன்னான். பல்லவியைத் திருப்பி எடுத்தோம், ஆனா பின்வரிசையில இருந்து ஒவ்வொருத்தராப் பாட்டை விட்டாங்க, கடைசியில ஆர்மோனியம் மட்டும் தனியாப் பாடி அதுவும் நின்னுது.

லீதியாள் முந்தானையை வாயில திணிச்சுகிட்டு உக்காந்திருந்தா. அவன் முழங்கால்ல விழுந்து, "மயினி, என்னைய மன்னிச்சிரும்"னான்.

"என்கிட்ட கேக்காதே"ன்னா. மெதுவாத்தான் சொன்னா, ஆனா கோயிலே கேட்டுது. "என்கிட்ட அது இல்ல. எனக்கே வேணும் தாசையா. ரெண்டு வருஷம் அந்த மனுஷனுக்குச் சோறு வச்சேன், ஒரு வார்த்தை பேசல. சாகக் கெடக்கும்போது, 'நீயாவது நம்புதியாளா'ன்னு கேட்டாவ. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிட்டேன். நீ பீடியைத்தான் போட்ட. நான் என்ன செஞ்சிருக்கேன், பாரு."

அவளுக்கு யாராவது ஒரு வாய் தண்ணி கொடுத்திருக்கணும். கொடுக்கலை. ஏன்னா அந்த நேரம் வாசல் பக்கம் ஒருத்தன், "மழை!"ன்னு கத்தினான், அவ்வளவுதான், முந்நூறு பேரும் ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுத் தள்ளிகிட்டு வெளியே ஓடினோம். நானும் ஓடினேன். அப்பமும் ரசமும் பலிபீடத்துல மூடினபடி இருந்துது. ஐயர் மட்டும் அதுக்குப் பக்கத்துல நின்னார்.

தாசையா வீட்டு மேல பெய்ஞ்சுகிட்டு இருந்துது. நேத்து எப்படியோ அப்படியே. கூடலை, குறையலை. பாவியா இருந்தவன் கூரைன்னும் தெரியலை, மனந்திரும்பினவன் கூரைன்னும் தெரியலை. சற்குணத்தம்மா சந்தோஷத்துல அழுதா. பொன்னுச்சாமி நாடார், "அப்போ ஒண்ணும் இல்லை, சும்மா பயந்துட்டோம்"னு சொல்லிச் சிரிச்சார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கலை, ஆனா நானும் சிரிச்சேன். கொஞ்ச நேரத்துல குடம் வந்துது, வரிசை வந்துது, நம்பர் கேட்டாங்க.

மறுநாள் கமிட்டி கூடி பழைய தீர்மானத்தை ரத்து பண்ணினோம். அருமைநாயகத்தைத் தோட்டத்துக்குள்ள சேர்க்குற விஷயம் ஆலோசனையில இருக்குன்னு எழுதினோம். சபைத் தீர்மானத்துக்குக் கீழ்ப்படியாததுக்காகத் தாசையாவை ஒழுங்கு நடவடிக்கையில வச்சோம், கடைசி பெஞ்சு, ராப்போஜனம் இல்லை, செத்தா சுவருக்கு வெளியே. அதையும் நானே எழுதி முடிச்சேன்.

தாசையா எந்த ஆலோசனைக்கும் காத்திருக்கலை. கடப்பாரையைத் தூக்கிக்கிட்டுப் போய், தான் கட்டின சுவரைத் தானே இடிக்க ஆரம்பிச்சான். எலும்பைத் தோண்டி உள்ள கொண்டுவர அனுமதி வேணும், சுவரை வெளியே தள்ளிக் கட்ட கடப்பாரை போதும்னு கணக்குப் போட்டிருந்தான் போல. இடிச்ச கல்லை எடுத்து அருமைநாயகம் குழியைச் சுத்தி வளைச்சுக் கட்டினான். காலையில தன் வீட்டு மழையை ரெண்டு வாளியில ஏந்திக்கிட்டு, வரிசையில நிக்கிறவங்க முகத்தைப் பார்க்காம நடந்துபோய், சாந்து குழைப்பான். பகல் முழுக்க வேலை. சுவர் எழும்புற பக்கத்துல மணல் சரியும், மறுபடி தோண்டுவான். ஊர்ல ஒருத்தரும் ஒரு கல்லு எடுத்துக் கொடுக்கலை. ஐயர் ஒரு நாள் வந்தார், அங்கியை மடிச்சுக் கட்டிகிட்டு ஒரு மணி நேரம் கல்லு சுமந்தார், அதுக்காக மேலிடத்துக்கு ஒரு புகார் மனு போச்சு. லீதியாள் மட்டும் தினமும் வந்தா. அவனோட பேசமாட்டா. மன்னிச்சேன்னு சொல்லலை, சொல்லப்போறதாவும் தெரியலை. கல்லை எடுத்துக் கொடுப்பா, அவன் வைப்பான்.

ஒன்பதாம் நாள் கமிட்டி என்னைய அனுப்பிச்சுது, சபைச் சொத்தை இடிக்கிறதை நிறுத்தச் சொல்லி ஒரு நோட்டீஸைக் கொடுக்க. காகிதத்தைச் சட்டைப்பையில வச்சுகிட்டுப் போனேன். வெயில் மண்டையைப் பொளந்துது. சுவர் இடுப்பளவு வந்திருந்துது, மேற்குப் பக்கம் மட்டும் பாக்கி. தாசையா தலைநிமிரலை. லீதியாள் கல்லுக் குவியல் பக்கத்துல குத்தவச்சு உக்காந்திருந்தா, என்னையப் பார்த்து முந்தானையைச் சரி பண்ணிகிட்டு எழுந்தா. வாத்தியார்னா அவளுக்கு அவ்வளவு மரியாதை.

"இருங்க வாத்தியாரய்யா, நிழல் இல்லை, என்ன செய்ய"ன்னா.

நோட்டீஸை எடுக்கப் பைக்குள்ள விட்ட கை வெளியே வரலை. எதுக்குன்னு தெரியலை, அந்தப் பாழாப்போன மழை என் மேல ஒரு துளிகூடப் பட்டதில்லை, யாரும் என்னையக் கேக்கலை, பதினோரு வருஷம் கழிச்சுக் கேக்கப்போறதும் இல்லை. ஆனா வாய் தானா திறந்துகிடுச்சு.

"லீதியா, அன்னைக்கு அவர் அடுப்பை விட்டுப் போனார்லா. அவராப் போகலை. எம் பிள்ளை தாகம் தாகம்னு அழுதா. நான்தான் கிணத்துக்குப் போயி ஒரு வாளி எடுத்தாரும்யான்னு அனுப்பினேன். அடுப்பை நான் பார்த்துக்கிடுதேம்னு சொன்னேன். சொல்லிட்டுப் பேச்சு சுவாரஸ்யத்துல நவுந்துட்டேன். சாட்சி சொல்லும்போது அதைச் சொல்லலை."

சொல்லிட்டா இலேசாயிரும்னு எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கேன். ஆகலை. நெஞ்சு கல்லு வச்ச மாதிரிதான் இருந்துது. தாசையா கரண்டியைப் பிடிச்சபடி என்னையப் பார்த்தான், அப்புறம் லீதியாளைப் பார்த்தான்.

அவ அதிரலை. அந்தக் குழியைத் திரும்பிப் பார்த்தா.

"தெரியும்யா"ன்னா. "அவுக என்கிட்ட அன்னைக்கே சொன்னாவ, வாத்தியார்தான் அனுப்பினாருன்னு. ரெண்டு வருஷமும் சொல்லிகிட்டே இருந்தாவ. நான்தான், வாத்தியார் பொய் சொல்ல மாட்டாருன்னு முத நாளே சொல்லிட்டேன்."

அப்புறம் அவ குனிஞ்சு ஒரு கல்லை எடுத்து என் கையில வச்சா.